ஆர்எஸ்எஸ் ஓடைகள்: புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

இணையத்தில் நிறையப் படிக்கும் நண்பர்களிடம் ஆர்எஸ்எஸ் பற்றிப் பேச்செடுத்தால் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஓரிடத்தில் தொகுத்து வைத்தால் எல்லோருக்கும் பயன்படும் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். முதல் ஆறு கேள்விகளைப் படித்தாலே தொடங்கிவிடலாம். மற்றவற்றை எங்கேயாவது மாட்டிக்கொள்ளும்போது வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்எஸ்எஸ்னா என்னங்க? சுருக்கமா சொல்லுங்க.

ஒரு தளத்தில் புதிதாக என்னென்ன வந்திருக்கிறது என்பதைக் கணினி படித்துக்கொள்ளும் வடிவில் சொல்லும் சிறிய கோப்புதான் ஆர்எஸ்எஸ் ஓடை. தலைப்பு, சுட்டி, வெளியான நேரம், கட்டுரையின் ஒரு பகுதி அல்லது முழுக் கட்டுரை ஆகியவை அதில் இருக்கும். ரீடர் என்பது நீங்கள் கொடுத்த ஓடைகளை அவ்வப்போது போய்ப் பார்த்து, புதிதாக வந்தவற்றை ஒரே இடத்தில் அடுக்கித் தரும் செயலி. ஒவ்வொரு தளமாகத் திறந்து "இன்னைக்கு ஏதாவது வந்திருக்கா" என்று பார்க்கும் வேலை உங்களுக்கு மிச்சம்.

இதன் முதல் வடிவத்தை 1999-இல் நெட்ஸ்கேப் நிறுவனம் வெளியிட்டது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ராமநாதன் குஹா சென்னை ஐஐடியில் படித்தவர். இன்று பரவலாகப் புழங்கும் 2.0 வடிவத்தை டேவ் வைனர் 2002-இல் வெளியிட்டார். இன்னொன்று: கூகுளில் வெறுமனே ஆர்எஸ்எஸ் என்று தேடினால் நம் ஊரில் அரசியல் செய்திகள்தான் வந்து குவியும். 'ஃபீட் ரீடர்' என்று தேடுங்கள்.

வாட்ஸ்அப் சேனல்லயும் ஃபேஸ்புக்லயும் எல்லாமே வந்துடுதே, இது எதுக்குத் தனியா?

எல்லாமே வருவதில்லை. ஃபேஸ்புக்கில் ஒருவரைப் பின்தொடர்ந்தாலும், அவர் எழுதியது உங்கள் கண்ணில் படுமா படாதா என்பதை அந்த நிறுவனத்தின் நிரல் முடிவு செய்கிறது. தினமும் எழுதுபவர், சண்டை போடுபவர், படம் போடுபவர் எல்லாம் மேலே வந்துவிடுவார்கள். கல்வெட்டுகளைப் பற்றி வருடத்துக்கு மூன்று நான்கு கட்டுரைகள் மட்டும், ஆனால் ஒவ்வொன்றையும் மாதக்கணக்கில் உழைத்து எழுதும் ஒருவர் அங்கே காணாமல் போய்விடுவார். வாட்ஸ்அப் குழுவில் வரும் சுட்டியும் நூறு காலை வணக்கங்களுக்கு அடியில் போய்விடும்.

ஆர்எஸ்எஸ்ஸில் அந்த மூன்று கட்டுரையும் நீங்கள் படிக்கும்வரை பட்டியலில் காத்திருக்கும். எப்போதாவது எழுதும் நல்ல எழுத்தாளர்களைத் தவறவிடாமல் படிக்க இதைவிடச் சிறந்த வழியை நான் பார்த்ததில்லை. பார்ப்பவர்களிடமெல்லாம் இதை வற்புறுத்துவதற்கு முதல் காரணமும் அதுதான். அப்புறம், பின்தொடர்வதற்கு உங்கள் போன் எண்ணையோ மின்னஞ்சலையோ அந்தத் தளத்துக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

கூகுள் ரீடர் மூடினதோட ஆர்எஸ்எஸ் செத்துப்போச்சுன்னு சொன்னாங்களே?

செத்தது ஒரு செயலி. கூகுள் ரீடர் 2005-இல் வந்தது. 2013 மார்ச்சில் மூடப்போவதாக அறிவித்து, ஜூலை 1-ஆம் தேதி மூடிவிட்டார்கள். அதைப் பயன்படுத்தியவர்களில் பலர் வேறு ரீடருக்குப் போகாமல் சமூக ஊடகத்துக்குப் போய்விட்டார்கள் என்பது உண்மை. தமிழிலும் அந்தக் காலத்தில் தமிழ்மணம், தேன்கூடு போன்ற திரட்டிகள் வழியாகத்தான் வலைப்பதிவுகள் வாசகர்களைச் சென்று சேர்ந்தன. அந்தத் திரட்டிகள் உள்ளுக்குள் செய்ததும் ஓடைகளைப் படிப்பதுதான்.

ஆனால் ஓடைகள் எங்கேயும் போகவில்லை. வேர்ட்பிரஸ், பிளாகர், சப்ஸ்டாக், மீடியம் ஆகியவற்றில் தளம் தொடங்கினால் ஓடை தானாகவே உண்டாகிவிடும். எழுதுபவருக்கே தன் தளத்தில் ஓடை இருப்பது தெரியாமல் இருக்கலாம். பிபிசி தமிழுக்கு ஓடை இருக்கிறது. விக்கிப்பீடியாவின் அண்மைய மாற்றங்களுக்கும் இருக்கிறது. நீங்கள் கேட்கும் பாட்காஸ்ட்டில் பெரும்பாலானவை ஆர்எஸ்எஸ் வழியாகத்தான் உங்கள் போனுக்கு வந்துகொண்டிருக்கின்றன.

அந்த ஆரஞ்சு ஐகானையே எங்கேயும் காணோம். ஓடை முகவரிய எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பல உலாவிகள் ஓடைக்கான ஆதரவை எடுத்துவிட்டதால், ஓடை இருப்பதைக் காட்டும் அந்த ஐகானைத் தளங்களும் எடுத்துவிட்டன. ஃபயர்பாக்ஸ்கூட 2018 டிசம்பரில் தன் ஓடை வசதியை நீக்கிவிட்டது. ஐகான் இல்லை என்பதற்காக ஓடை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் செய்ய வேண்டியது மிக எளிது: தளத்தின் சாதாரண முகவரியை, ஏன், அதில் உள்ள ஒரு கட்டுரையின் முகவரியைக்கூட, ரீடரில் ஓடை சேர்க்கும் பெட்டியில் ஒட்டுங்கள். பெரும்பாலான ரீடர்கள் பக்கத்தின் மூலநிரலைப் பார்த்து ஓடையைத் தாமே கண்டுபிடித்துவிடும்.

அது வேலை செய்யாவிட்டால் கையால் முயலுங்கள். வேர்ட்பிரஸ், சப்ஸ்டாக் தளங்களில் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு 'ஃபீட்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்தால் போதும். பிளாகர் தளங்களில் சாய்கோடு, 'ஃபீட்ஸ்', சாய்கோடு, 'போஸ்ட்ஸ்', சாய்கோடு, 'டிஃபால்ட்'. பழைய தமிழ் வலைப்பூக்களில் ஏராளமானவை பிளாகரில் இருப்பதால் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. மாஸ்டடான், ரெடிட் ஆகிய சமூக ஊடகங்களின் பக்கங்களில் முகவரியின் கடைசியில் புள்ளி வைத்து ஆர்எஸ்எஸ் என்ற மூன்று ஆங்கில எழுத்தைச் சேர்க்க வேண்டும்.

அதிகம் பேருக்குத் தெரியாத வசதி ஒன்று உண்டு. வேர்ட்பிரஸ்ஸில் ஒரு பகுப்பின் பக்கத்துக்குப் போய் அந்த முகவரியின் முடிவில் 'ஃபீட்' சேர்த்தால் அந்தப் பகுப்புக்கு மட்டும் ஓடை கிடைக்கும். ஒருவரின் அரசியல் கட்டுரைகள் வேண்டாம், பயணக் கட்டுரைகள் மட்டும் போதும் என்றால் இது கைகொடுக்கும்.

முகவரியத் திறந்தா ஒரே குறியீடா கொட்டுது. ஏதாவது கெட்டுப்போச்சா?

இல்லை, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள். ஓடை என்பது மனிதர் படிக்க எழுதப்பட்ட பக்கம் இல்லை. அதனால் உலாவியில் அப்படித்தான் தெரியும். சில உலாவிகள் அதைக் கோப்பாக இறக்கிவிடவும் கூடும். மேலே பட்டையில் இருக்கும் முகவரியை அப்படியே நகலெடுத்து ரீடரில் ஒட்டுங்கள்.

சரி, எந்த ரீடர் நல்லது? ஒண்ணு மட்டும் சொல்லுங்க.

ஒன்று மட்டும் சொல்ல முடியாததற்குக் காரணம், நீங்கள் எதில் படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே பதில் மாறும். ரீடர்கள் இரண்டு வகை. உங்கள் போனிலோ கணினியிலோ உட்கார்ந்துகொண்டு தானே ஓடைகளை இறக்கும் வகை ஒன்று. ஒரு நிறுவனத்தின் சர்வரில் ஓடி, நீங்கள் எந்தக் கருவியில் திறந்தாலும் எதைப் படித்தீர்கள், எதைப் படிக்கவில்லை என்று நினைவில் வைத்திருக்கும் வகை மற்றொன்று. முதல் வகையில் கணக்கு தொடங்க வேண்டாம். இரண்டாவதில் கணக்கு வேண்டும்; பதிலுக்கு, போனில் பாதி படித்ததைக் கணினியில் தொடரலாம்.

ஆண்ட்ராய்டு போனில் மட்டும் படிப்பவருக்கு நான் சொல்வது 'ஃபீடர்' என்ற செயலி. இலவசம், திறமூலம் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்), விளம்பரம் கிடையாது. ஐபோனோ மேக்கோ வைத்திருந்தால் நெட்நியூஸ்வயர். 2002-இலிருந்து இருக்கிறது, இதுவும் இலவசம், திறமூலம், ஐகிளவுட் வழியாக உங்கள் ஆப்பிள் கருவிகளுக்கிடையே ஒத்திசைத்துக்கொள்ளும். விண்டோஸில் ஏற்கெனவே தண்டர்பேர்டில் மின்னஞ்சல் பார்ப்பவர் புதிதாக எதையும் நிறுவ வேண்டாம், அதற்குள்ளேயே ஓடைக் கணக்கு தொடங்கும் வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன், அலுவலகக் கணினி இரண்டிலும் படிப்பவருக்கு இனோரீடர் அல்லது ஃபீட்லி. இந்த இரண்டில் எனக்கு இனோரீடர்தான் பிடிக்கும். ஃபீட்லி பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நாளாக நாளாக நிறுவனங்களுக்கான கருவியாக மாறிவருகிறது, சும்மா படிக்க வருபவருக்குத் தேவையில்லாத பொத்தான்கள் அதிகம்.

இதற்காக வாரக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதில்லை. இன்று ஒன்றை நிறுவி ஐந்து ஓடைகளைச் சேருங்கள். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்வது எவ்வளவு சுலபம் என்பதைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

காசு கட்டணுமா?

பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாது. மேலே சொன்ன முதல் மூன்றும் முழுக்க இலவசம். ஃபீட்லியின் இலவசக் கணக்கில் 100 ஓடைகள்வரை சேர்க்கலாம். தொடங்குபவருக்கு அதுவே அதிகம். குறிப்பிட்ட சொல் வந்தால் மறைப்பது, பழைய பதிவுகளுக்குள் தேடுவது போன்றவை வேண்டும் என்றால் சர்வர் வகை ரீடர்களில் கட்டணத் திட்டத்துக்குப் போக வேண்டிவரும். நியூஸ்பிளர், ஃபீட்பின் போன்றவை சந்தாப் பணத்தை நம்பி நடக்கும் சிறிய சேவைகள். தினமும் பயன்படுத்துபவர் அவற்றுக்குப் பணம் கட்டுவது நியாயம் என்றே நினைக்கிறேன்.

யூடியூப் சேனலை இதுல சேர்க்க முடியுமா?

முடியும். ஒவ்வொரு சேனலுக்கும் யூடியூப் ஓடை தருகிறது. எங்கேயும் காட்டுவதில்லை, அவ்வளவுதான். சேனல் பக்கத்தின் முகவரியை ரீடரில் ஒட்டினாலே பலவற்றில் வேலை செய்துவிடும். கூகுள் கணக்கில் உள்நுழையாமலேயே, பரிந்துரைகளின் பக்கம் போகாமலேயே, நீங்கள் தேர்ந்தெடுத்த சேனல்களின் புதிய காணொளிகளை மட்டும் பார்க்கலாம். பிள்ளைகளுக்குப் பாடக் காணொளிகளை இப்படித் தொகுத்துக் கொடுக்கும் பெற்றோரை எனக்குத் தெரியும். அந்த ஓடையில் கடைசி 15 காணொளிகள் மட்டுமே இருக்கும்; குறுங்காணொளிகளும் அதில் கலந்தே வரும்.

அப்போ எக்ஸ், இன்ஸ்டாகிராம்?

அங்கே ஓடை கிடையாது. எக்ஸ் ட்விட்டராக இருந்தபோது கொடுத்துக்கொண்டிருந்தது, 2013-இல் நிறுத்திவிட்டது. ஆர்எஸ்எஸ்-பிரிட்ஜ், ஆர்எஸ்எஸ்ஹப் போன்ற திறமூலக் கருவிகள் ஓடை இல்லாத தளங்களுக்கு ஓடை உண்டாக்க முயல்கின்றன. சாதாரணச் செய்தித் தளங்களுக்கு அவை நன்றாகவே வேலை செய்யும். சமூக ஊடகங்கள் அவற்றை அடிக்கடி தடுத்துவிடும், நீங்களும் அடிக்கடி சரிசெய்ய வேண்டிவரும். அவர் மாஸ்டடானிலோ புளூஸ்கையிலோ இருக்கிறாரா என்று பாருங்கள். இரண்டிலும் பொதுக் கணக்குகளுக்கு ஓடை உண்டு.

எனக்கு முதல் நாலு வரிதான் வருது. முழுக் கட்டுரையும் ரீடர்லயே வராதா?

அது ரீடரின் குறை அல்ல. ஓடையில் எவ்வளவு கொடுப்பது என்பது தளத்தின் முடிவு. வாசகர் தளத்துக்கு வந்தால்தான் விளம்பரம் காட்ட முடியும் என்பதால் செய்தி நிறுவனங்கள் தலைப்பும் இரண்டு வரியும் மட்டும் கொடுக்கும்.

பல ரீடர்களில் முழுப் பக்கத்தையும் போய் எடுத்துவரும் வசதி இருக்கிறது. ஃபீடரில் ஒவ்வொரு ஓடையின் அமைப்பிலும் தனித்தனியாக அதை இயக்கலாம். நெட்நியூஸ்வயரில் அதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. சந்தா கட்டிப் படிக்க வேண்டிய கட்டுரைகளை இது திறந்து தராது.

ஆர்எஸ்எஸ், ஆட்டம்னு ரெண்டு சுட்டி இருக்கு. எதை எடுக்கிறது?

எதை வேண்டுமானாலும். ஆர்எஸ்எஸ்ஸின் வரையறையில் இருந்த குழப்பங்களைத் தீர்க்க 2005-இல் தரப்படுத்தப்பட்ட இன்னொரு வடிவம் ஆட்டம். ரீடர்கள் இரண்டையும் படிக்கும். இரண்டையும் சேர்த்துவிடாதீர்கள், ஒவ்வொரு பதிவும் இரண்டு முறை வரும்.

ரெண்டே வாரத்துல ஆயிரம் படிக்காத பதிவு சேர்ந்துபோச்சு. பார்த்தாலே மலைப்பா இருக்கு, விட்டுடலாமா?

அநேகமாக நீங்கள் நாளிதழ்களின் முதன்மை ஓடையைச் சேர்த்திருப்பீர்கள். ஒரு செய்தித் தளம் ஒரே நாளில் நூறு பதிவு போடும். உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் மாதம் ஒன்று போடுவார். இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்தால், எதற்காக ஆர்எஸ்எஸ்ஸுக்கு வந்தீர்களோ அதுவே மூழ்கிவிடும். செய்தித் தளத்தின் முதன்மை ஓடையை நீக்கிவிட்டு, மேலே சொன்னபடி உங்களுக்கு வேண்டிய ஒரு பகுதியின் ஓடையை மட்டும் சேருங்கள். பல நாளிதழ்கள் மாவட்டம், விளையாட்டு, அறிவியல் என்று தனித்தனி ஓடைகள் கொடுக்கின்றன.

மிச்சமிருப்பவற்றை இரண்டு கோப்புறைகளாகப் பிரியுங்கள்: ஒன்றுவிடாமல் படிப்பவை, மேலோட்டமாகப் பார்ப்பவை. இரண்டாவதில் தயங்காமல் 'எல்லாம் படித்ததாகக் குறி' என்ற பொத்தானை அழுத்துங்கள். பதிவுகளின் எண்ணிக்கையைக் காட்டும் வசதியையே அணைத்து வைக்கவும் பல ரீடர்களில் முடியும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பத்து நாள் ஊருக்குப் போயிட்டு வந்து திறந்தேன், நடுவுல சில பதிவுகளே இல்ல. ஏன்?

ஓடையில் ஒரு தளத்தின் முழு வரலாறும் இருக்காது, அண்மைப் பதிவுகள் மட்டுமே இருக்கும். வேர்ட்பிரஸ் தானாக வைப்பது பத்து. நீங்கள் போனை அணைத்து வைத்திருந்த நாட்களில் அந்தத் தளம் முப்பது பதிவு போட்டிருந்தால், திரும்ப வந்து பார்க்கும்போது கடைசி பத்துதான் ஓடையில் இருக்கும். போனிலேயே ஓடும் ரீடர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் இது. சர்வர் வகை ரீடர் நீங்கள் தூங்கும்போதும் போய்ப் பார்த்துச் சேமித்துக்கொண்டே இருக்கும்.

இது அடிக்கடி நடந்தால் சர்வர் வகைக்கு மாறலாம். சொந்தமாகச் சர்வர் வைத்திருப்பவர்கள் ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ் அல்லது மினிஃப்ளக்ஸ் நிறுவிக்கொள்ளலாம். ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ் ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கணினியிலும் ஓடும்.

அப்போ அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ பார்க்கச் சொல்லிட்டா எதுவும் தவறாதுல்ல?

வேண்டாம். மணிக்கு ஒருமுறை போதும். நல்ல ரீடர்கள் 'கடைசியாக நான் வந்தபிறகு ஏதாவது மாறியிருக்கிறதா' என்று மட்டும் கேட்கும், மாறவில்லை என்றால் சர்வர் 304 என்ற குறியீட்டை மட்டும் திருப்பி அனுப்பும், கோப்பு இறங்காது. எல்லா ரீடர்களும் அப்படி நாகரிகமாக நடந்துகொள்வதில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டினால் சிறிய தளத்தின் சர்வருக்குச் சுமை, உங்கள் போன் பேட்டரிக்கும் செலவு. தளமே உங்களைத் தடுத்துவிடவும் வாய்ப்பு உண்டு.

வேற ரீடருக்கு மாறினா சேர்த்ததெல்லாம் போயிடுமா?

போகாது. ஏறக்குறைய எல்லா ரீடரிலும் ஏற்றுமதி என்று ஒரு வசதி இருக்கும். அதை அழுத்தினால் ஓபிஎம்எல் என்ற வடிவில் ஒரு சிறிய கோப்பு இறங்கும். உங்கள் ஓடை முகவரிகளும் கோப்புறைகளும் அதில் இருக்கும். புதிய ரீடரில் இறக்குமதி செய்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். எதைப் படித்தீர்கள், எதை நட்சத்திரமிட்டீர்கள் என்பது மட்டும் பொதுவாக வராது.

இந்தக் கோப்பை மாதம் ஒருமுறை எடுத்து வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கூகுள் ரீடர் மூடியபோது பிழைத்தவர்கள் இதை வைத்துத்தான் வேறு இடம் போனார்கள். நண்பருக்கு உங்கள் பட்டியலைக் கொடுப்பதற்கும் இதுவே வழி. கொடுக்கும் முன் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: கட்டணப் பாட்காஸ்ட், கட்டண மடல் சிலவற்றில் உங்களுக்கென்று மட்டும் ரகசிய ஓடை முகவரி தருவார்கள். அது அந்தக் கோப்பில் அப்படியே இருக்கும். நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

நல்லா வந்துட்டிருந்த ஓடை திடீர்னு நின்னுபோச்சு. என்ன பண்றது?

முதலில் தளத்தைத் திறந்து, எழுதுபவர் எழுதுவதை நிறுத்திவிட்டாரா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். தளத்தில் புதிய பதிவுகள் இருந்தால், முகவரி மாறியிருக்கும். முன்பு சொன்ன முறையில் ஓடையை மறுபடி கண்டுபிடித்துச் சேருங்கள். 403 என்ற பிழை காட்டினால், தளத்தின் முன்னால் இருக்கும் பாதுகாப்புச் சேவை உங்கள் ரீடரை ஒரு ரோபோ என்று நினைத்துத் தடுக்கிறது. எழுதுபவருக்கு ஒரு மடல் போட்டுச் சொல்லுங்கள், பல நேரங்களில் அவருக்கே அது தெரிந்திருக்காது.

சில வருடம் அமைதியாக இருந்த ஓடையில் திடீரென்று சூதாட்ட விளம்பரங்கள் வரத் தொடங்கினால், தளப்பெயர் காலாவதியாகி வேறு யாரோ வாங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். எந்தச் சுட்டியையும் அழுத்தாமல் ஓடையை நீக்கிவிடுங்கள்.

நான் படிக்கிறது அவங்களுக்குத் தெரியுமா?

பெயர், மின்னஞ்சல் எதுவும் தெரியாது. போனிலேயே ஓடும் ரீடர் என்றால் உங்கள் ஐபி முகவரி தளத்தின் பதிவேட்டில் விழும், சாதாரணமாகத் தளத்தைத் திறந்தாலும் அப்படித்தான். சர்வர் வகை என்றால் அந்தச் சேவை வந்துபோனது மட்டும் தெரியும். ஃபீட்லி போன்றவை இத்தனை பேர் சந்தா சேர்ந்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் சொல்லும். நீங்கள் யார் யாரைப் படிக்கிறீர்கள் என்ற முழுப் பட்டியல் அந்தச் சேவையிடம் இருக்கும் என்பதை மறந்துவிட வேண்டாம். பதிவுகளில் இருக்கும் படங்கள் தளத்திலிருந்தே இறங்குவதால், அவற்றின் வழியாக ஓரளவு கண்காணிக்க முடியும். அது உறுத்தினால் படங்கள் தானாக இறங்குவதை ரீடரில் நிறுத்தி வைக்கலாம்.

நானும் வலைப்பூ எழுதறேன். ஓடையில முழுசா கொடுத்தா தளத்துக்கு யாரும் வரமாட்டாங்களே?

விளம்பர வருமானத்தை நம்பி எழுதவில்லை என்றால் முழுவதும் கொடுங்கள். ஓடையில் உங்களைச் சேர்த்தவர், எழுதியதையெல்லாம் படிக்க விரும்பித்தான் சேர்த்திருக்கிறார். கருத்துச் சொல்ல வேண்டும் என்றால் அவர் தளத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். வேர்ட்பிரஸ்ஸில் அமைப்புகளில் வாசிப்பு என்ற பகுதியிலும், பிளாகரில் அமைப்புகளில் தள ஓடை என்ற பகுதியிலும் முழுமை, சுருக்கம் என்று தேர்ந்தெடுக்கலாம்.

தளத்தின் முகவரியை மாற்றினால், பழைய ஓடை முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரத் திசைமாற்றம் கட்டாயம் போடுங்கள்; பழைய தளப்பெயரையும் உடனே கைவிடாமல் இன்னும் ஓரிரு வருடம் வைத்திருங்கள். ரீடர்கள் திசைமாற்றத்தைப் பார்த்துத் தாமே புதிய முகவரிக்கு வந்துவிடும். முந்தைய பதிலில் சொன்னபடி உங்கள் ஓடை வாசகர்களின் மின்னஞ்சல் உங்களிடம் இல்லை, இடம் மாறியதை அவர்களுக்குச் சொல்ல வேறு வழி கிடையாது.